நகைச்சுவைத் துப்பறிவாளனும் கிழக்கு வங்கப் பேச்சுவழக்கும்: ஒரு கொல்கத்தாத் திரைப்படத்தின் மொழிப் பின்புலம்

முன்னுரை

1971-இல் கொல்கத்தாவில் ‘பானு கோயெந்தா ஜஹர் அசிஸ்டென்ட்’ என்னும் வங்கமொழித் திரைப்படம் வெளிவந்தது. பூர்ணேந்து ராய் சௌத்ரி இயக்கிய இக்கறுப்பு வெள்ளைப் படத்தில் பானு பந்தோபாத்யாயவும் ஜஹர் ராயும் துப்பறிவாளராகவும் அவருடைய உதவியாளராகவும் தோன்றினர். சுபேந்து சட்டர்ஜி, லில்லி சக்கரவர்த்தி ஆகியோரும் நடித்தனர். வீட்டைவிட்டு வெளியேறிய ஓர் இளம்பெண்ணைத் தேடும் முயற்சியே கதையின் அடிப்படை. துப்பறியும் கதையின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, அதன் வீறாப்பை நகைப்பாக மாற்றுவது இவ்வகைப் படங்களின் இயல்பாகும்.

வங்கத் திரைப்பட வரலாறுகள் இக்காலப் பகுதியை வேறு படங்களைக் கொண்டே அடையாளங்காணுகின்றன. சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’ (1970), ‘சீமாபத்த’ (1971), மிருணாள் சென்னின் ‘இண்டர்வியூ’ (1971) ஆகியவை அவற்றுள் சில. மக்கள் திரளாகச் சென்று கண்டு சிரித்த படங்களுக்கு அவ்வரலாறுகளில் கிடைக்கும் இடம் சிறிது. எனினும் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இந்நகைச்சுவைப் படங்கள் தரும் செய்திகள் பல. எழுத்திலக்கியம் பதிவு செய்யத் தயங்கிய ஒரு பேச்சுவழக்கை அவை ஒலியாகவே காத்துவைத்துள்ளன. அவ்வழக்கின் வரலாற்றையும் அதனைத் தமிழில் பெயர்ப்பதில் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தலைப்பின் சொற்கள்

படத்தின் தலைப்பு நான்கு சொற்களால் ஆனது. ‘பானு’ கதிரவனைக் குறிக்கும் வடசொல். ‘ஜஹர்’ மணியைக் குறிக்கும் பெயர். பாரசீக, அரபு மொழிகளின் வழியே வந்தது. ‘கோயெந்தா’ பாரசீகச் சொல். ‘அசிஸ்டென்ட்’ ஆங்கிலச் சொல். வங்கமொழியின் சொற்கோவை வரலாறே இந்நான்கு சொற்களில் சுருங்கிக் கிடக்கிறது எனலாம்.

இவற்றுள் ‘கோயெந்தா’ சிறப்பாக நோக்கத்தக்கது. சொல்லுதல் என்னும் பொருளுடைய பாரசீக வினையடியிலிருந்து பிறந்த இச்சொல்லின் நேர்ப்பொருள் ‘சொல்பவன்’ என்பதாகும். அது காட்டிக்கொடுப்பவன், உளவு சொல்பவன் என்னும் பொருள்களைப் பெற்றுப் பின்னர்த் துப்பறிவாளனைக் குறிக்கலாயிற்று. தமிழில் ‘துப்பறிதல்’ என்னும் தொடர் அறிதலை முன்னிறுத்துகிறது. ‘கோயெந்தா’ சொல்லுதலை முன்னிறுத்துகிறது. திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் வரும் ‘ஒற்று’ இவ்விரண்டினும் வேறானது; அது அரசின் கருவியாகிய வேவு. ஒரே தொழிலை மூன்று சொற்களும் மூன்று கோணங்களிலிருந்து காண்கின்றன.

‘கோயெந்தா’ என்னும் சொல்லில் படிந்திருந்த இழிகுறிப்பு வங்க இலக்கியத்திலும் உணரப்பட்டது. சரதிந்து பந்தோபாத்யாய 1932-இல் படைத்த பியோம்கேஷ் பக்ஷி என்னும் புகழ்பெற்ற பாத்திரம் தன்னை ‘கோயெந்தா’ என அழைத்துக்கொள்ள விரும்புவதில்லை. ‘சத்யான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுபவன் என்பதே அவன் தனக்கு இட்டுக்கொண்ட பெயர். அவன் விலக்கிய சொல்லையே நகைச்சுவைப் படம் தன் தலைப்பில் எடுத்துக்கொண்டது. அதனோடு நடிகரின் சொந்தப் பெயரையும் சேர்த்தது. ‘சத்யான்வேஷி பானு’ என்று இருந்திருப்பின் தலைப்பைக் கேட்ட அளவிலேயே எழும் சிரிப்பு எழுந்திராது.

துப்பறிவாளன் பேசும் மொழி

வங்கத்தில் துப்பறியும் எழுத்து காவல்துறையோடு தொடர்புடையதாகவே வளர்ந்தது. கொல்கத்தாக் காவல்துறையின் துப்பறியும் பிரிவில் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாய 1892 முதல் ‘தாரோகார் தப்தர்’ என்னும் வரிசையில் குற்றக் கதைகளை வெளியிட்டார். அக்கால உரைநடை சாது நடையாகும். வடசொற்கள் மிக்கு, நீண்ட வினைவடிவங்களைக் கொண்ட அந்நடை எழுத்துக்கே உரியது. கொல்கத்தா, நதியா வட்டாரத்துக் கற்றோர் பேச்சை அடிப்படையாகக் கொண்ட சலித் நடைக்காகப் பிரமத சௌத்ரி 1914-இல் ‘சபுஜ் பத்ர’ என்னும் இதழைத் தொடங்கினார். தாகூரும் அம்முயற்சியில் துணைநின்றார். ஆயினும் சரதிந்துவின் தொடக்ககாலப் பியோம்கேஷ் கதைகள் சாது நடையிலேயே அமைந்தன. அறிவால் குற்றத்தை வெல்பவனுக்கு உயர்நடையே ஏற்றது என்னும் எதிர்பார்ப்பு வாசகரிடம் அப்போதும் இருந்தது என்று கருத இடமுண்டு.

சத்யஜித் ராய் ‘சிடியாகானா’ (1967) என்னும் படத்தில் பியோம்கேஷைத் திரைக்குக் கொணர்ந்தார். உத்தம் குமார் அப்பாத்திரத்தை ஏற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பானுவின் துப்பறிவாளன் அதே நகரில் அதே தொழிலைச் செய்பவன். ஆனால் வேறு குரலுக்குப் பெயர்பெற்றவன். தலைப்பில் ‘பானு’ என்னும் பெயரைக் கண்ட பார்வையாளர்கள், இசைத்தட்டிலும் திரையிலும் முன்னரே பழகியிருந்த டாக்காக் குரலை நினைந்தே அரங்கினுள் நுழைந்தனர். சாது நடைக்கும் சலித் நடைக்கும் உரியதாயிருந்த தொழில், இவ்விரண்டிற்கும் வெளியே நின்ற பேச்சுவழக்கின் நிழலில் வந்து சேர்ந்தது.

தமிழில் இதற்கு ஒப்பாகத் தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’வைக் குறிப்பிடலாம். வங்கி எழுத்தரான சாம்பு, திறமையால் அன்றித் தற்செயலால் குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கிறார். ஆனால் சாம்புவின் மொழி அன்றைய இதழ் வாசகருக்கு நன்கு பழகிய மொழியே. அங்கு நகைப்புக்கு இடமளிப்பது பேதைமை. பானுவிடத்திலோ பேதைமையோடு பேச்சுவழக்கும் சேர்ந்து நிற்கிறது.

ஒரு குரலின் வரலாறு

பானு பந்தோபாத்யாயவின் இயற்பெயர் சாம்யமய் பந்தோபாத்யாய. இவர் 1920-இல் இன்றைய வங்காளதேசத்தைச் சேர்ந்த விக்ரம்பூர்ப் பகுதியில் பிறந்தார். டாக்காவில் ஜகந்நாத் கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் டாக்காப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த இயற்பியலறிஞர் சத்யேந்திரநாத் போஸின் அன்புக்குரியவராக விளங்கினார். சிறு வயதில் தினேஷ் குப்தா முதலிய புரட்சியாளர்களுக்குச் செய்தி கொண்டுசென்றவர் என்று இவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. காவலர் கண்ணில் படாமல் செய்தி கடத்திய சிறுவன் பிற்காலத்தில் திரையில் துப்பறிவாளனானது வரலாற்றின் வேடிக்கை.

1941-இல் பானு கொல்கத்தாவிற்கு வந்தார். 1943-இல் இவருடைய முதல் நகைச்சுவை இசைத்தட்டு ‘டாக்கார் காடோவான்’ வெளிவந்தது. ‘டாக்காவின் வண்டிக்காரன்’ என்பது அதன் பொருள். உருவம் காணாமல் குரலை மட்டும் கேட்கும் இசைத்தட்டில் வழக்கே முழு நடிப்பாகியது. 1947-இல் ‘ஜாகரண்’ என்னும் படத்தின் வழித் திரைக்கு வந்த பானு, நிர்மல் தே இயக்கிய ‘சாடே சுவாத்தர்’ (1953) படத்தால் நிலைத்த புகழ் பெற்றார்.

இவ்வளர்ச்சிக்கு இடையில் நாடு பிரிந்தது. 1951 கணக்கெடுப்பின்படி கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்து மேற்கு வங்கத்தில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 21 லட்சம் பேர். தென்கொல்கத்தாவில் பிஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் முதலிய ஏதிலியர் குடியிருப்புகள் எழுந்தன. வங்கத் திரைப்படத் தொழிலின் இருப்பிடமான டாலிகஞ்ச் இவற்றுக்கு அருகிலேயே உள்ளது. கிழக்கிலிருந்து வந்தோர் ‘பாங்கால்’ எனவும் மேற்குப் பகுதியின் பழங்குடிகள் ‘கொட்டி’ எனவும் அழைக்கப்பட்டனர். உணவிலும் கால்பந்துக் கழகத்திலும் தெரிந்த இவ்வேறுபாடு வாயைத் திறந்த கணமே பேச்சில் வெளிப்பட்டது. வாடகைக்கு வீடு கேட்கும்போதும் வேலை தேடும்போதும் வழக்கே ஒருவரை அடையாளங்காட்டியது. பிரேமேந்திர மித்ராவின் கதையைக் கொண்டு 1954-இல் வந்த ‘ஒரா தாகே ஒதாரே’ இவ்விரு சாராரின் அயல்வாழ்வையே பொருளாகக் கொண்டது. பானு அதிலும் நடித்தார்.

பிரிவினைக்கு முன்னரும் ‘பாங்கால்’ பேச்சு கொல்கத்தா மேடைகளில் எள்ளலுக்கு உரியதாகவே இருந்தது. அதைப் பேசிக்காட்டியவர்கள் பெரும்பாலும் பிறர். பானு தம் சொந்தப் பேச்சையே மேடைக்குக் கொணர்ந்தார். எள்ளப்பட்டவனே எள்ளும் உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டபோது சிரிப்பின் திசை மாறியது. வந்தேறியின் பேச்சைக் கேட்டு நகரம் சிரித்தது ஒருபுறம் இருக்க, நகரத்தின் பகட்டைக் கண்டு வந்தேறி சிரித்ததும் அதே குரலில் கேட்டது. பானுவின் நகைச்சுவை பத்தாண்டுகள் பலவற்றைக் கடந்து நின்றமைக்கு இதுவே காரணம் எனலாம்.

வழக்கின் இலக்கணம்

கிழக்கு வங்கப் பேச்சுவழக்கைக் கொல்கத்தா வழக்கிலிருந்து பிரித்துக்காட்டும் கூறுகளை ஒலியியல், உருபனியல் என இரு வகைப்படுத்தலாம்.

ஒலியியலில் மூன்று கூறுகள் முதன்மையானவை. முதலாவது, ஒலிப்புடைய மூச்சொலிகள் தம் மூச்சை இழத்தல். ‘பானு’ என்னும் பெயரின் முதலொலியே பிற வங்காளியர் வாயில் மூச்சொலியாகவும் டாக்கா வாயில் மூச்சு நீங்கியும் ஒலிக்கும். இரண்டாவது, அண்ணத்துச் சகர, ஜகர ஒலிகள் பல்லை ஒட்டி உரசொலிகளாதல். மூன்றாவது, மொழிமுதல் ஹகரம் மெலிதல் அல்லது மறைதல்.

உருபனியலில் வேறுபாடு இன்னும் வெளிப்படையானது. ‘உண்பேன்’ என்பது கொல்கத்தாவில் ‘காபோ’, கிழக்கில் ‘காமு’. ‘செல்வேன்’ என்பது ‘ஜாபோ’, ‘ஜாமு’. ‘என்னை, எனக்கு’ என்பது ‘ஆமாகே’, ‘ஆமாரே’. ‘செய்து’ என்னும் எச்சம் கொல்கத்தாவில் ‘கொரே’, கிழக்கில் ‘கொய்ர்யா’.

கேட்போர்க்குச் சிதைவாகத் தோன்றும் இவ்வடிவங்களின் வரலாறு வேறாக உள்ளது. சுனீதி குமார் சட்டர்ஜியின் வங்கமொழித் தோற்ற வளர்ச்சி பற்றிய பெருநூல் 1926-இல் வெளிவந்தது. அதில் விளக்கப்படும் மாற்றமுறைப்படி, சாது நடையின் ‘கொரியா’ என்பதிலுள்ள இகரம் முன்னே நகர்ந்து ‘கொய்ர்யா’ ஆகியது. பின்னர் உயிர்கள் இணைந்து ‘கொரே’ ஆகியது. வங்க இலக்கணத்தார் முதல் மாற்றத்தை அபினிஹிதி என்றும் இரண்டாவதை அபிச்ருதி என்றும் அழைப்பர். எனவே கிழக்கு வழக்கு நிற்பது மாற்றத்தின் நடுப்படியில். எழுத்து நடையாகிய சாதுவுக்கு அது கொல்கத்தாப் பேச்சைவிட நெருக்கமானது. எதிர்காலத் தன்மை விகுதியாகிய -மு என்பதும் புதிதன்று; இடைக்கால வங்கப் பனுவல்களில் அதன் முன்வடிவங்கள் காணப்படுகின்றன. திரையரங்கில் சிரிப்பை எழுப்பிய விகுதி இலக்கியப் பழமை உடையது.

உடலும் சொல்லும்

இவ்வகைப் படங்களில் நகைச்சுவை இரு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று உடல்: விழுதல், மோதுதல், துரத்துதல், மாறுவேடம், ஆள்மாறாட்டம் ஆகியவை. மற்றொன்று சொல். ஜஹர் ராய் முதலாவதில் பெரிதும் திறம் பெற்றவர். பாரிசாலில் பிறந்து பட்னாவில் வளர்ந்த இவர் சாப்ளினின் ரசிகர். ரங்மஹால் நாடக அரங்கில் நெடுங்காலம் பணியாற்றியவர். ராயின் ‘கூப்பி காயென் பாகா பாயென்’ (1969) படத்தில் ஹல்லா நாட்டு அமைச்சராக வரும் இவருடைய முகபாவங்களும் உடலசைவும் மொழியறியாதாரையும் சிரிக்கவைப்பவை.

நகைச்சுவை இணையரின் பெயரையே படத்தலைப்பாக்கும் வழக்கம் அமெரிக்கத் திரையிலும் உண்டு. அபட், காஸ்டெல்லோ இணையர் தம் பெயர் தாங்கிய படங்கள் பலவற்றில் நடித்தனர். 1951-இல் வந்த ஒன்றில் அவர்கள் துப்பறிவாளர்களாகவே தோன்றினர். உடல் நகைச்சுவை இவ்வாறு நாடு கடந்து எளிதில் பயணம் செய்கிறது. சொல் நகைச்சுவையோ எல்லையில் நின்றுவிடுகிறது. பானு, ஜஹர் இணையின் படத்தை வங்கமறியாத ஒருவர் காணும்போது உடல் தரும் பங்கைப் பெற்றுவிடுகிறார்; குரல் தரும் பங்கு அவரை எட்டுவதில்லை. எஞ்சிய அப்பங்கைக் கொண்டுசேர்ப்பதே மொழிபெயர்ப்பாளரின் பணி.

தமிழில் பெயர்த்தலின் சிக்கல்

தமிழ்ப் பெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் முதல் தடை எழுத்து. மூச்சொலி வேறுபாட்டையும் சகரத்தின் இரு ஒலிப்புகளையும் தமிழெழுத்து காட்டுவதில்லை. கிழக்கு வழக்கின் ஒலியியல் அடையாளங்கள் தமிழில் எழுதிய அளவிலேயே மறைந்துபோகின்றன. எஞ்சுவது உருபனியல்.

இரண்டாவது தடை விளிப்பெயர். ‘சாடே சுவாத்தர்’ படத்தில் பானுவின் பாத்திரம் மூத்த பெண்மணி ஒருவரைத் தாயின் உடன்பிறந்தாளாக விளித்து, மால்புவா என்னும் இனிப்பை உண்ண விரும்புவதைக் கிழக்கு விகுதியோடு கூறும் இடம் வங்காளியர் அனைவரும் அறிந்தது. ‘மாசிமா’ என்னும் அவ்விளியைச் ‘சித்தி’ என்றோ ‘பெரியம்மா’ என்றோ பெயர்த்தால் உறவு சரியாக வரும், வழக்கு பிழைபடும். உறவில்லாத மூத்த பெண்ணைத் தமிழ்நாட்டில் ‘அம்மா’ என்றோ, சில குடும்பங்களில் ‘மாமி’ என்றோ விளிப்பதே இயல்பு. அப்படத்தின் தலைப்பும் இத்தகையதே. ‘எழுபத்து நாலரை’ என்பது அதன் நேர்ப்பொருள். உரியவரன்றிப் பிறர் பிரிக்கலாகாது என்பதற்கு அடையாளமாகக் கடிதங்களின் மேல் எழுதப்பட்ட எண் அது. எண்ணைப் பெயர்க்கலாம், அதன் தடையாணையைப் பெயர்க்க இயலாது.

மூன்றாவதும் பெரியதுமான தடை வழக்கைத் தேர்தல். தமிழ்த் திரையில் வழக்குவழி நகைச்சுவைக்கு முன்மாதிரிகள் உண்டு. ‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் சந்திரபாபு இரு வேடங்களுள் ஒன்றில் ரிக்‌ஷாக்காரராகத் தோன்றிச் சென்னைப் பேச்சைப் பேசினார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த அவருக்கு அது கற்றுப் பேசிய வழக்கு. ‘தெனாலி’ (2000) படத்தில் கமல்ஹாசன் ஈழத்துப் பேச்சைப் பேசினார். போரால் இடம்பெயர்ந்த ஒருவனின் மொழி பெரும்பான்மைப் பார்வையாளரின் நகைப்புக்கு ஊடகமாகிறது என்னும் வகையில் இப்படம் பானுவின் சூழலுக்கு அருகில் நிற்கிறது. நடிகர் அவ்வழக்கினர் அல்லர் என்பதால் விலகியும் நிற்கிறது.

யாழ்ப்பாண வழக்கு மொழியியல் நோக்கில் வியப்பூட்டும் ஒப்புமையை அளிக்கிறது. தமிழகத்துச் ‘சாப்பிடுவேன்’, ‘போவேன்’ என்பவை அங்குச் ‘சாப்பிடுவன்’, ‘போவன்’ என வழங்குகின்றன. ‘காபோ’, ‘காமு’ ஆகியவற்றின் வேறுபாட்டைப் போலவே இதுவும் தன்மை ஒருமை வினைமுற்றின் ஈற்றில் அமைந்த வேறுபாடு. நன்னூல் தன்மை ஒருமை விகுதிகளுள் ‘அன்’ என்பதையும் வைத்தெண்ணுகிறது. இரு மொழிகளிலும் புலம்பெயர்ந்தோரின் ‘பிழை’ விகுதிக்கு இலக்கணச் சான்று உள்ளது.

இவ்வொப்புமை கருதிப் பானுவின் பேச்சு முழுவதையும் யாழ்ப்பாணத் தமிழில் பெயர்த்துவிடலாமா என்பது அடுத்த வினா. இலக்கணம் இடங்கொடுக்கிறது, வரலாறு இடங்கொடுப்பதில்லை. ஒரு வழக்கை மற்றொரு வழக்கின் இடத்தில் வைக்கும்போது அதைப் பேசும் மக்களின் துயரமும் உடன் வருகிறது. விக்ரம்பூர்க்காரன் கொல்கத்தாவில் நிற்கும் காட்சியில் யாழ்ப்பாணத்தான் சென்னையில் நிற்கும் காட்சி மேலெழுந்துவிடும். மேலும் பானு தம் வழக்கைத் தாமே நகைப்புக்கு உரியதாக்கினார். பெயர்ப்பாளர் பிறர் வழக்கை நகைப்புக்கு உரியதாக்குகிறார். இவ்விரண்டும் ஒன்றாகா.

வழக்கை அறவே விடுத்துப் பொதுத்தமிழில் எழுதுவது மறு எல்லை. திரையடி வாசகங்களில் இடமும் நேரமும் குறைவாதலின் இதுவே பெரும்பாலும் நிகழ்கிறது. அப்போது பானு ஏன் சிரிப்பூட்டுகிறார் என்பதே விளங்காமற் போகிறது.

இடைவழி ஒன்று உண்டு. எந்த ஒரு மாவட்டத்திற்கும் முழுதும் உரியதாகாத பேச்சுத்தமிழைப் பானுவுக்கும், சற்றே இறுகிய எழுத்துத்தமிழைச் சுற்றியுள்ளோருக்கும் அளிப்பதே அவ்வழி. மூலத்தில் கிழக்கு, மேற்கு என நிற்கும் எதிர்மை தமிழில் பேச்சு, எழுத்து என மாறும். இரட்டை வழக்குடைய தமிழ்க்கு இது இயல்பானது. சாது, சலித் என்னும் பிளவைக் கண்ட வங்கமொழியின் வரலாற்றுக்கும் பொருந்துவது. காட்சியின் முடிவில் சொற்போரில் வெல்பவன் பேச்சுத்தமிழ் பேசுபவனாக இருத்தல் வேண்டும். மூலத்தில் சிரிப்பின் பிடி யார் கையில் உள்ளதோ பெயர்ப்பிலும் அது அவர் கையிலேயே இருக்கவேண்டும்.

முடிவுரை

படம் வெளிவந்த 1971-ஆம் ஆண்டு வங்கத்திற்குக் கொடிய ஆண்டு. கிழக்கில் நிகழ்ந்த விடுதலைப் போரால் ஏறக்குறைய 1 கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவிற்குள் வந்தனர். நக்சல்பாரி இயக்கமும் அதற்கு எதிரான காவல்துறை நடவடிக்கைகளும் கொல்கத்தாத் தெருக்களை அச்சத்தில் ஆழ்த்தியிருந்தன. அவ்வாண்டின் பெரும்பகுதி மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. அத்தகைய நகரில் குற்றத்தைத் தேடிச்செல்பவன் தடுமாறி விழுவதைக் கண்டு மக்கள் சிரித்தனர். கிழக்கு வங்கப் பேச்சு முகாம்களில் துயரத்தின் குரலாக ஒலித்த அதே ஆண்டில் அரங்கில் சிரிப்பின் குரலாகவும் நினைக்கப்பட்டது.

ஜஹர் ராய் 1977-இலும் பானு பந்தோபாத்யாய 1983-இலும் மறைந்தனர். ஏதிலியராக வந்தோரின் பெயரர்கள் கொல்கத்தாப் பொதுவழக்கைப் பேசுகின்றனர். பாட்டன் பாட்டியரின் விகுதிகள் வீட்டிற்குள்ளும் அருகிவருகின்றன. கிரியர்சனின் மொழி அளவைநூல் கிழக்கு வங்க வழக்குகளைத் தாளில் பதிந்தது. அவ்வழக்கின் இசையையும் வேகத்தையும் தயக்கமின்மையையும் பதிந்துவைத்தவை இசைத்தட்டுகளும் இக்கறுப்பு வெள்ளைப் படங்களுமே. இவற்றின் உரையாடல்களை வழக்கு மாறாமல் எழுத்துவடிவில் தொகுத்தலும், மொழிபெயர்ப்போர் அவற்றைக் கேட்டறிந்து பெயர்த்தலும் இன்று செய்யத்தக்க பணிகளாகும். திரையடி வாசகத்தில் ‘காமு’வும் ‘காபோ’வும் ஒன்றேயாகி ‘சாப்பிடுவேன்’ என நிற்கும் இடத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு விடுபட்டுப் போகிறது.